எட்டுப் பேர், நாற்பது ஃபவுல்

ஆகஸ்ட் 26, திங்கள்

இன்டர் காலேஜ் அட்டவணை வந்துவிட்டது. செப்டம்பர் 24, 25, 26. நாக்அவுட் முறை. தோற்றால் அன்றைக்கே பையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான்.

பன்னிரண்டு பெயர் கொடுக்கலாம் என்று போட்டிருக்கிறது. என்னிடம் இருப்பது எட்டு. கோவில்பட்டிப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் கூடைப்பந்துக்கு எட்டுப் பேர் கிடைப்பதே பெரிய விஷயம் என்று பிரின்சிபாலிடம் சொன்னேன். அவர் வாலிபால் டீமில் பதினாறு பேர் இருப்பதைச் சொன்னார். அதோடு பேச்சை விட்டுவிட்டேன்.

இங்கே உடற்கல்வி இயக்குநராக வந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. எட்டுப் பேரை வைத்து ஒரு மேட்ச்சை எப்படி ஓட்டுவது என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் எட்டுப் பேரைப் பார்ப்பார்கள். நான் நாற்பது ஃபவுலைப் பார்ப்பேன். ஒருத்திக்கு ஐந்து. ஐந்தாவது விழுந்தால் வெளியே போக வேண்டும். ஷெரினுடைய ஐந்தைத் தொடவே விடக் கூடாது. டீமே அவள்தான், பாதிப் பாயின்ட் அவள் போடுவது. மற்றவர்களுடையதைப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்யலாம். பெஞ்சில் இருக்கிற ஒருத்தியுடைய ஐந்தை மட்டும் ஒரே மேட்ச்சில் தீர்த்துவிடலாம். மூன்று வருஷமாக அந்த ஒருத்தி இசக்கியம்மாள். ஒன்பதாம் நம்பர்.

எதிர் டீமில் எப்போதும் உயரமான ஒருத்தி இருப்பாள். ரிங்குக்குக் கீழே அவளிடம் பந்து போய்விட்டால் இரண்டு பாயின்ட் நிச்சயம். அதற்கு முன்னால் அவள் கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டால் ஃபவுல். ஃப்ரீ த்ரோ கோட்டில் போய் நிற்பாள், இரண்டில் ஒன்றை விடுவாள். நமக்கு ஒரு பாயின்ட் மிச்சம். எல்லாக் கோச்சும் செய்வதுதான். செய்வதில்லை என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

கோர்ட்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டோம். மேற்குப் பக்க ரிங்கில் வலை கிழிந்து பாதிதான் தொங்குகிறது. பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி மறுபடியும் காணவில்லை.

கோடு போட்டு முடித்துக் கை கழுவும்போது இசக்கி பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், இது எனக்குக் கடைசி வருசம்."

"தெரியும்ட்டி. அதுக்கு என்ன?"

"யுனிவர்சிட்டி டீம்ல வந்தாத்தான் பி.பி.எட்.டுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட்டு கெடைக்கும். ஸ்கோர் ஷீட்ட வச்சுத்தான் எடுப்பாவளாம். என் பேருக்கு நேர ஒரு பாயின்ட்டு கூட இல்ல மிஸ்."

மூன்று வருஷத்தில் ஒரு பாயின்ட் கூடவா இல்லை என்று நினைத்தேன். பழைய ஸ்கோர் ஷீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். இல்லை. அவள் பெயருக்கு நேராக ஃபவுல் கட்டங்கள் மட்டும் முழுவதும் நிரம்பியிருக்கின்றன.

பி.பி.எட். படித்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். "ஒங்கள மாதிரி பி.டி. மிஸ் ஆகணும்" என்றாள். என்னை மாதிரி ஆகி என்ன கிழிக்கப் போகிறாளோ. இந்த வருஷம் ஷூட் பண்ண விடுகிறேன், பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஹாஸ்டல் வார்டனிடம் சண்டை. விளையாட்டுப் பிள்ளைகளுக்குத் தினம் ஒரு முட்டை என்று உத்தரவு இருக்கிறது. அவர் வாரத்தில் மூன்று நாளாகக் குறைத்துவிட்டார். சத்தம் போட்டு வாங்கிவிட்டேன். ஷெரினுக்கு இரண்டாகக் கொடுக்கச் சொன்னேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

காலை ஆறு மணிக்கு நான் வருவதற்கு முன்பே கோர்ட்டில் பந்துச் சத்தம். இசக்கி தனியாக நின்று ஷூட் பண்ணிக்கொண்டிருந்தாள். வலது மூலையிலிருந்து ஐம்பது போட்டாள், முப்பத்தெட்டு விழுந்தது. அவளுக்குத் தெரியாமல் வேப்ப மரத்தடியில் நின்று எண்ணினேன்.

எதிரில் யாரும் நிற்காதபோது யார் வேண்டுமானாலும் போடலாம். இருந்தாலும் முப்பத்தெட்டு. ஷெரின் அந்த மூலையிலிருந்து முப்பது போட்டாலே அதிகம்.

செப்டம்பர் 12, வியாழன்

வெயில். ஆறு பேர்தான் வந்தார்கள். இருவருக்கு இன்டர்னல் தேர்வு.

இசக்கியும் நானும் எங்கள் சைகையைச் சரிபார்த்துக்கொண்டோம். ரெஃப்ரி காதில் விழும் என்பதால் நான் வாயைத் திறப்பதில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து நின்று, இடது கையைத் திருப்பி வாட்ச்சைப் பார்ப்பேன். அடுத்த நொடி அவள் ஃபவுல் செய்துவிடுவாள். முதல் வருஷத்திலிருந்து இதுதான் பழக்கம். அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். மற்றதுகளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விடும்.

இன்று ஐந்து முறை எழுந்தேன். ஐந்து முறையும் சரியாகச் செய்தாள். பந்தைப் பறிக்கப் போவது மாதிரியே கையைத் தட்டுகிறாள். எந்த ரெஃப்ரியும் வேண்டுமென்றே செய்தாள் என்று சொல்ல முடியாது. இதை நான் யாருக்கும் இவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்ததில்லை.

முடிந்ததும், "மிஸ், இந்த வருசமும் இதுதானா?" என்று கேட்டாள். சும்மா ஒரு முன்னேற்பாட்டுக்கு என்றேன்.

செப்டம்பர் 18, புதன்

திட்டத்தை இங்கே எழுதி வைக்கிறேன். எழுதிவிட்டால் பிறகு மாற்ற மனசு வராது.

முதல் குவார்ட்டர்: ஷெரின் உள்ளே, இசக்கி வெளியே. இரண்டாவது குவார்ட்டர் பத்து நிமிஷமும் ஷெரினுக்கு ஓய்வு, இசக்கி ஷூட்டராக வலது மூலையில். மூன்றாவதில் இரண்டு பேரும். நாலாவது ஆட்டத்தைப் பொறுத்து.

ஷெரினிடம் காட்டினேன். "பத்து நிமிசம் நான் வெளியவா மிஸ்?" என்றாள். முகம் சின்னதாகிவிட்டது. "ஒனக்கும் மூச்சு வாங்கணும்லா" என்றேன். இசக்கியிடம் காட்டவில்லை. மேட்ச்சில் பார்த்துக்கொள்ளட்டும்.

செப்டம்பர் 23, திங்கள்

பஸ். பெற்றோர் கையெழுத்துக் கடிதம் எட்டும் வந்துவிட்டது. இசக்கியின் அம்மா விளாத்திகுளம் பக்கத்து ஊரில் சத்துணவு சமையல் செய்கிறவள். கடிதத்தைத் தபாலில் அனுப்பாமல் நேரிலேயே கொண்டு வந்தாள். ஒரு தூக்குச்சட்டி நிறைய அதிரசம். "புள்ளைக்கு இந்த வருசம் சீட்டு கெடச்சிரும்னு சொன்னா. நீங்கதான் பாத்துக்கிடணும் டீச்சர்" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதிரசம் நன்றாக இருந்தது, வெல்லப்பாகு சரியான பதம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

முதல் மேட்ச்: 61–34. ஜெயித்தோம்.

திறந்தவெளி சிமென்ட் கோர்ட். ஓடுகிற கடிகாரம் எதுவும் வைக்கவில்லை. டேபிளில் ஒருவர் கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது, அவருக்கு மட்டும்தான் நேரம் தெரியும். கடைசி இரண்டு நிமிஷத்தில் ஒருமுறை கத்திச் சொல்கிறார், அவ்வளவுதான். டோர்னமென்ட் நடத்துகிற லட்சணம்.

எதிர் டீம் சொத்தை. பாதி ஆட்டத்தில் இருபது பாயின்ட் முன்னால் இருந்தோம். இசக்கியை விட்டிருக்கலாம். ஆனால் நாளைக்கு எதிரே வருகிற டீமில் பதினொன்றாம் நம்பர் போட்ட ஒருத்தி இருக்கிறாள், ஆறடிக்கு அரை இஞ்சுதான் குறைவு. இசக்கி இன்று ஆடி, காலையோ கையையோ மடக்கிக்கொண்டால் நாளைக்கு அவளைப் பிடிக்க ஆள் இல்லை. முதல் வருஷப் பிள்ளை பொன்சிந்துவை விட்டேன், அவளும் பழக வேண்டுமல்லவா. பொன்சிந்து நாலு பாயின்ட் போட்டாள்.

இசக்கி பெஞ்சிலிருந்து ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் கை தட்டினாள். டிராக் சூட்டைக் கழற்றி மடித்து மடியிலேயே வைத்திருந்தாள், கூப்பிட்டவுடன் ஓட. மேட்ச் முடிந்ததும் மறுபடியும் போட்டுக்கொண்டாள்.

இரவுச் சாப்பாடு அந்தக் கல்லூரி மெஸ்ஸில். சாம்பாரில் உப்பு இல்லை.

செப்டம்பர் 25, புதன்

அட்டவணையை நான்தான் தவறாகப் படித்திருக்கிறேன். பதினொன்றாம் நம்பர் டீம் நாளைக்குத்தான், செமி ஃபைனலில். இன்றைக்குக் கால் இறுதி வேறு டீமோடு. அப்படியென்றால் நேற்று இசக்கியை விட்டிருக்கலாம். போகட்டும்.

47–43. ஜெயித்தோம், மூச்சு முட்டித்தான்.

திட்டப்படி இரண்டாவது குவார்ட்டரில் இசக்கியை அனுப்பினேன். ஷெரினை உட்கார வைத்தேன். மூன்று நிமிஷத்தில் அவர்கள் ஏழு பாயின்ட் போட்டார்கள். ஷெரின், "மிஸ், நான் போறேன் மிஸ், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று தண்ணி பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே விட்டாள். நான் என்ன செய்வது? விட்டேன். இசக்கியை வெளியே எடுக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்கிறேன். வேறு ஒருத்தியைத்தான் எடுத்தேன். ஆனால் அவர்களுடைய சென்டர் ரிங்குக்குக் கீழேயே நின்றாள். அவளைப் பிடிக்க வேறு யாரிடமும் ஃபவுல் மிச்சமில்லை. நாலு தடவை எழுந்து நின்றேன். நாலு ஃபவுல்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மூன்றாவது குவார்ட்டரில் ஷெரினை இரண்டு பேர் மடக்க, அவள் பந்தை வலது மூலைக்குத் தள்ளினாள். அங்கே இசக்கி தனியாக. சுற்றிப் பத்தடிக்கு ஆளில்லை. தினமும் காலையில் நிற்கிற அதே இடம். பந்தைப் பிடித்தாள், முழங்காலை மடக்கினாள், பிறகு தலையைத் திருப்பி பெஞ்சைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அதற்குள் ஆள் வந்துவிட்டது. பந்தைத் திருப்பி ஷெரினிடமே கொடுத்துவிட்டாள்.

டைம் அவுட்டில் கத்தினேன். "ஏன்ட்டி ஷூட் பண்ணல?"

"நீங்க ஷூட் பண்ணச் சொல்லலயே மிஸ்."

"அதயும் நான் சொல்லணுமா?"

முதல் வருஷத்தில் முதல் மேட்ச்சில் அவள் தானாக ஒரு ஷாட் அடித்தபோது, என்னைக் கேட்காமல் ஷூட் பண்ணக் கூடாது என்று நான்தான் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அது இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதுதான் நினைவு வந்தது. அந்த ஷாட் விழவில்லை என்பதும் நினைவு வந்தது.

நாளைக்குக் கட்டாயம் அவளை ஷூட்டராக விடுவேன்.

செப்டம்பர் 26, வியாழன்

51–52.

நாளைக்கு எழுதலாம் என்று மூடி வைத்தேன். மூடினால் மட்டும் என்ன ஆகிவிடும். எழுதிவிடுகிறேன்.

பதினொன்றாம் நம்பர் முதல் குவார்ட்டரிலேயே பத்துப் பாயின்ட். இரண்டாவது குவார்ட்டரில் இசக்கியைச் சப்-நாற்காலியில் போய் உட்காரச் சொன்னேன். பந்து வெளியே போனதும் உள்ளே போக வேண்டும். அதற்குள் ஷெரின் வரிசையாக இரண்டு கூடை போட்டாள். ஓட்டத்தில் இருக்கும்போது எதற்குக் கலைப்பது என்று இசக்கியைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி அனுப்பினேன், மறுபடி கூப்பிட்டுக்கொண்டேன். இரண்டாவது தடவை டேபிளில் இருந்தவர் சிரித்தார்.

மூன்றாவது குவார்ட்டரில்தான் விட்டேன். "வலது மூலையில நில்லு. பந்து வந்தா அடி" என்றுதான் சொன்னேன். உள்ளே போகும்போது அவள் திரும்பி, "மிஸ், அவள யாரு பிடிப்பா?" என்று கேட்டாள். பதினொன்றைத்தான் சொன்னாள். நான் ஒரு நொடி யோசித்தேன். "நீதான்" என்றேன்.

அதற்குப் பிறகு மூலை என்ன, கீலை என்ன. அவள் பதினொன்றின் பின்னாலேயே ஓடினாள். நாலு ஃபவுல். பதினொன்று எட்டு ஃப்ரீ த்ரோவில் நாலு விட்டாள். கணக்கு நான் நினைத்தபடிதான் போனது. கடைசி நிமிஷத்தில் ஷெரின் ஒரு கூடை போட்டு 51–50 ஆக்கினாள். ஆட்டம் நம் கையில்.

அவர்கள் பந்து. டேபிளில் இருந்தவர் "எட்டு செகண்ட்" என்று கத்தினார். பந்து பதினொன்றிடம் வந்தது, நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். ரிங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அங்கிருந்து அவளால் ஒன்றும் செய்ய முடியாது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட அவளுக்கு வராது, அவள் ரிங்குக்குக் கீழே மட்டும்தான் ஆள். இசக்கி கையை விரித்துக்கொண்டு எதிரே நின்றாள். சரியாக நின்றாள். சும்மா நின்றால் போதும்.

உட்கார முடியாமல் எழுந்தேன். எத்தனை செகண்ட் மிச்சம் என்று தெரியவில்லை. மணி பார்த்தேன்.

விசில்.

அந்தக் குவார்ட்டரில் எங்கள் டீம் ஃபவுல் நாலைத் தாண்டிவிட்டதால் நடுக்கோட்டில் தட்டியதற்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ. பதினொன்று இரண்டையும் போட்டாள். ஆட்டம் முழுக்கப் பாதியை விட்டவள் இப்போது ஒன்றைக் கூட விடவில்லை. ஐந்தாவது ஃபவுல் என்பதால் இசக்கி வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஃப்ரீ த்ரோவை அவள் பார்க்கவில்லை. என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சம் இருந்த ஐந்து செகண்டில் ஷெரின் பாதி மைதானத்திலிருந்து வீசினாள், போர்டில் கூடப் படவில்லை.

ஷெரின் தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து வந்து, எல்லோரும் பார்க்க, "ஏன்ட்டி அவளத் தொட்ட? சும்மா நின்னா போதும்லா. ஒனக்கு அறிவு இருக்கா?" என்று இசக்கியைக் கேட்டாள். இசக்கி என்னைப் பார்த்தாள். நான் டேபிளில் கையெழுத்துப் போடப் போய்விட்டேன். போட வேண்டிய கையெழுத்துதான், கோச் போடாமல் ஸ்கோர் ஷீட்டை மூட மாட்டார்கள்.

ஷீட்டில் ஒன்பதாம் நம்பருக்கு நேராக ஐந்து ஃபவுல், பாயின்ட் பூஜ்யம்.

வாசலில் செலக்‌ஷன் கமிட்டியில் இருக்கும் தேவசகாயம் சார் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர், எதையும் ஒழுங்காகப் பார்ப்பவர்.

"மேடம், ஷெரின் பேரு வரும், அதுல பிரச்சன இல்ல. ஒங்க ஒம்பதாம் நம்பர் புள்ளயப் பத்தித்தான் கேக்கணும். வார்ம் அப்புல பாத்தேன். மூலையில நின்னு பதினஞ்சுக்குப் பதிமூணு போட்டா. மேட்ச்சுல ஒரு ஷாட்டு கூட எடுக்கலயே. அவ ஷூட்டரா?"

ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். பிறகு ஏன் மேடம் மூன்று வருஷமாக அவளை ஷூட் பண்ண விடவில்லை என்பார்.

"பிராக்டீஸ்ல போடுவா சார்" என்றேன். "மேட்ச்சுல பதட்டம். கடைசியில பாத்தீங்கள்லா."

அவர் தாளில் ஏதோ எழுதிக்கொண்டார்.

செப்டம்பர் 27, வெள்ளி

நேற்று பஸ்ஸில் நடந்ததை விட்டுவிட்டேன். எல்லோரும் பின்னால் ஷெரினைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். இசக்கி முன் சீட்டில் தனியாக. சாத்தூர் தாண்டியதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மிஸ், நீங்க எந்திரிச்சு வாட்ச்ச பாத்தீங்கள்லா?"

"மணி பாத்தேன்."

"சரி மிஸ்."

அவ்வளவுதான். தன் சீட்டுக்குப் போய்விட்டாள்.

டேபிளில் ஒரு கடிகாரம் வைத்திருந்தால் நான் கையைத் திருப்பியே இருக்க மாட்டேன்.

செப்டம்பர் 28, சனி

பிரின்சிபாலுக்கு அறிக்கை கொடுத்தேன். "இறுதி நொடிகளில் ஒரு வீராங்கனையின் கவனக்குறைவால் வெற்றி வாய்ப்பு நழுவியது." படித்துவிட்டு யார் அந்த வீராங்கனை என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். அவர் கேட்டபிறகு சொல்லாமல் இருக்க முடியாது.

செப்டம்பர் 30, திங்கள்

ஆறு மணிக்குக் கோர்ட்டுக்குப் போனேன். பந்துச் சத்தம் இல்லை. மற்றப் பிள்ளைகள் ஏழு மணிக்குத்தான் வந்தார்கள். இசக்கி பிராக்டீஸுக்கு வரவில்லை. உடம்பு சரியில்லையாம். ஷெரின் சொன்ன விதத்தில் அவளோடு யாரும் பேசுவதில்லை என்று தெரிந்தது.

"நடந்தது நடந்துபோச்சு, விடுங்கட்டி" என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்ல இருந்தது. சொல்லவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

யுனிவர்சிட்டி டீம் பட்டியல் வந்துவிட்டது. ஷெரின் இருக்கிறாள். ஆபீஸ் வாசலில் நின்று இரண்டு முறை படித்தேன்.

பிறகு பி.டி. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தேவசகாயம் சாருக்குப் போன் பண்ணினேன். இசக்கியம்மாள் நல்ல ஷூட்டர், மூலையில் ஐம்பதுக்கு முப்பத்தெட்டு போடுவாள், நானே எண்ணினேன் என்றேன். கடைசி ஃபவுல் அவள் தவறு இல்லை, என் தவறு என்றேன். இந்த வார்த்தையை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

மறுமுனையில் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"நேத்து அஞ்சு மணிக்குத்தான் மேடம் லிஸ்ட்ட முடிச்சோம். பன்னெண்டாவது எடத்துக்கு ரெண்டு பேரு இருந்தாங்க. ஒங்க புள்ள ஒருத்தி. நீங்க பதட்டம்னு சொன்னதாலதான் மத்தவ பேரப் போட்டேன்."

இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். கையெழுத்தாகி மேலே போய்விட்டது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அக்டோபர் 3, வியாழன்

ரிங்குக்குப் புது வலை கேட்டு ஆபீஸில் இன்டென்ட் கொடுத்தேன். ஊசி கிடைத்துவிட்டது, ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டிக்குள் இருந்தது.

அக்டோபர் 7, திங்கள்

இசக்கியின் அம்மா போன் பண்ணினாள். "டீச்சர், சீட்டு இல்லன்னு சொல்லுதா. எம் மவ என்ன தப்பு செஞ்சா? கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா. ஆட்டத்துல தப்பா ஆடிட்டேம்மா, அவ்வளவுதான்ங்கா."

அவள் தவறாக ஆடவில்லை என்றேன்.

"பெறகு?"

சிக்னல் சரியில்லை, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 10, வியாழன்

நாளைக்கு விடுமுறை என்பதால் ஆயுத பூஜையை இன்றே வைத்துக்கொண்டோம். பி.டி. அறையைக் கழுவி, பந்துகளைத் துடைத்து மேசையில் அடுக்கினோம். விசில், ஸ்டாப்வாட்ச், ஸ்கோர் போர்டு நம்பர் பலகை, காற்றடிக்கும் பம்பு, வாலிபால் வலை எல்லாம் வைத்தாயிற்று. பொரி, சுண்டல், வாழைப்பழம்.

பூஜை நேரத்தில் இசக்கி வந்தாள். கையில் துவைத்து மடித்த ஜெர்சி. ஒன்பது மேலே தெரியும்படி மடித்திருந்தாள். நான் வாங்கிக்கொள்ள எழுந்தேன், அவளே அலமாரியைத் திறந்து அதன் இடத்தில் வைத்தாள். பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

மூன்று வருஷமாக எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைப்பது அவள் வேலை. யாரும் சொல்லாமலே கிண்ணத்தை எடுத்தாள். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு பொட்டு, அதன் மேல் குங்குமம். விசிலுக்கு, பம்புக்கு, ஸ்டாப்வாட்ச்சுக்கு. அவசரப்படவில்லை. எல்லாவற்றையும் முடித்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். கையை நீட்டினாள்.

"மிஸ், இதயும் வைக்கணும்லா."

என் வாட்ச்சைத்தான் கேட்டாள். குரலில் ஒன்றும் இல்லை. குத்தலும் இல்லை, அழுகையும் இல்லை. வருஷா வருஷம் கேட்பது மாதிரி கேட்டாள். ஆனால் ஒரு வருஷமும் அவள் இதைக் கேட்டதில்லை.

கழற்றிக் கொடுத்தேன். பக்கிள் சீக்கிரம் கழலவில்லை. அவள் அதை விசிலுக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணாடியின் மேல் ஒரு பொட்டு வைத்தாள். ஷெரின் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியாது. எனக்கு வெட்கமாக இருந்தது. இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு பிள்ளை முன்னால் தலையைக் குனிந்தது இன்றைக்குத்தான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். எட்டுப் பேரும் இருந்தார்கள். நான்தான் எழுந்தேன், அவள் நான் பழக்கியதைச் செய்தாள் என்று ஒரு வாக்கியம். சூடத்தைக் கொளுத்தினேன். எல்லோரும் கும்பிட்டார்கள்.

இசக்கி சுண்டலை ஒரு காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டு, "வாரேன் மிஸ்" என்று போய்விட்டாள். பூஜையில் வைத்த சாமானைத் தொடக் கூடாது என்பதால் அறையைப் பூட்டிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

அறையைத் திறந்தேன். சந்தனம் காய்ந்து எல்லாவற்றிலும் வெடித்திருந்தது. பந்துகளை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். வாட்ச்சை நானே துடைத்தேன். கண்ணாடி சுத்தமாகிவிட்டது. பக்கிள் இடுக்கில் கொஞ்சம் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஊசியால் நோண்டியும் வரவில்லை. கட்டிக்கொண்டேன்.

இசக்கி செமஸ்டர் முடியும்வரை வகுப்புக்கு மட்டும் வருவாளாம். கோர்ட் பக்கம் வர மாட்டாள். தூத்துக்குடியில் ஒரு துணிக்கடையில் பில் போட ஆள் கேட்கிறார்கள் என்று அவளுடைய வகுப்பு ஆசிரியை சொன்னார்.

நவம்பர் 5, செவ்வாய்

மாவட்ட அளவிலான போட்டி டிசம்பரில். ஷெரின் யுனிவர்சிட்டி கேம்ப்பில் இருக்கிறாள், மேட்ச்சுக்கு வந்துவிடுவாள். ஒரு புதுப் பெண் சேர்ந்திருக்கிறாள். ஆக மறுபடியும் எட்டுப் பேர். நாற்பது ஃபவுல்.

வேறு மாதிரி ஆட முடியுமா என்று இரண்டு நாள் உட்கார்ந்து தாளில் போட்டுப் பார்த்தேன். எல்லோரையும் மாற்றி மாற்றி விடுவது, ஆளுக்குப் பத்து நிமிஷம் வெளியே. எழுத நன்றாக இருக்கிறது. முதல் மேட்ச்சில் ஏழு பாயின்ட் பின்னால் போனால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். தாளைக் கிழித்துவிட்டேன்.

சாயங்காலம் பிராக்டீஸ் முடிந்ததும் பொன்சிந்துவை இருக்கச் சொன்னேன். நல்ல பிள்ளை. சொன்ன இடத்தில் நிற்கிறாள். எதற்கும் முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள். பந்தைத் தொடுவது மாதிரிக் கையைத் தட்டுவது எப்படி என்று காட்டினேன். மூன்றாவது தடவையிலேயே சரியாக வந்துவிட்டது. பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்து, எழுந்து, இடது கையைத் திருப்பிக் காட்டினேன். இது உனக்கும் எனக்கும் மட்டும் என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பையை எடுத்துக்கொண்டு நாலடி போனவள் திரும்பி வந்தாள்.

"மிஸ், நான் ஸ்கூல்ல ஷூட்டர் மிஸ்."

"பாத்துக்கிடலாம்ட்டி" என்றேன்.